மாட்டு விஷயம் மட்டும்

சேசு மரி சூசை
பனிமய மாதா மடம், கெபெக்
12 அக்டோபர் 1936

அன்புள்ள அக்கா எமெலினுக்கு,

தொழுவம் முடிந்துவிட்டது. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று காலையிலிருந்து துடித்துக்கொண்டிருக்கிறேன். கூரைத் தகடு நேற்று ஏறியது. எங்கள் தச்சர் சகோதரர் ஆந்தீம் கடைசி ஆணியை அடித்துவிட்டு, ஏணியை விட்டு இறங்காமலே சிலுவை போட்டுக்கொண்டார். தீவனக் காடிகள் எல்லாம் புதுப் பலகை. தண்ணீர் குழாயில் வருகிறது, வாளி தூக்க வேண்டியதில்லை. இரண்டு வரிசைக்கும் நடுவே வண்டியே ஓட்டலாம், அவ்வளவு அகலம். நான் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வெறும் தொழுவத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

தவக்காலத்தில் பழைய தொழுவம் எரிந்தபோது உன் வீட்டுக்காரர் ஃபிலியாஸ் வந்து எங்கள் மாடுகளை எல்லாம் உங்கள் மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அப்போது நான் தீக்காயத்தோடு நோயாளிகள் அறையில் கிடந்தேன். அவரையும் பார்க்கவில்லை, மாடுகள் போனதையும் பார்க்கவில்லை. இப்போது அவை குளிருக்கு முன்னால் வீடு திரும்ப வேண்டும்.

எங்கள் விதிப்படி வருஷத்துக்கு இரண்டு மூன்று கடிதங்களுக்கு மேல் எழுத முடியாது. அம்மா இருந்தவரை அவை அம்மாவுக்கே போயின. மடத்துத் தலைவர் தோம் கிளெமான் இப்போது எனக்கு விசேஷ அனுமதி தந்திருக்கிறார். நிபந்தனை உண்டு. மாடுகளைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும். போகிற கடிதத்தையும் வருகிற கடிதத்தையும் அவர் படிப்பார். கடைசி மாடு தொழுவத்துக்குள் வந்த அன்றோடு அனுமதி முடிந்துவிடும். ஆகையால் அக்கா, பார்த்து எழுது.

நெற்றிச்சுட்டி எப்படி இருக்கிறது? மந்தைக்கு அதுதான் தலைமாடு. தீப்பிடித்த அன்று கடைசியாக வெளியே வந்தது அதுதான். அதன் முதுகில் முடி வளர்ந்ததா? இன்னொன்று. எங்கள் மாடுகள் மனிதப் பேச்சு கேட்டுப் பழகாதவை. நாங்கள் இங்கே பேசுவதில்லை, கைச்சாடைதான். இரண்டு தடவை கை தட்டி வலது கையை உயர்த்தினால் சுட்டி நடக்கும், மற்றவை அதன் பின்னால் வரும். அங்கே யாரும் அவற்றை அதட்டிக் கிதட்டிக் கெடுத்துவிடவில்லை என்று நம்புகிறேன்.

சகோதரர் பாக்கோம்

*

செயிந்த் ஓதீல்
17 அக்டோபர்

தம்பி,

நீ மடத்துக்குப் போய்ப் பத்தொன்பது வருஷம். அதற்குப் பிறகு எனக்கு ஒரு கடிதம் வருகிறது, பிரித்துப் பார்த்தால் கூரைத் தகடு. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போவதில்லை என்று தபால்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். முழுதும் படித்துக் காட்டினேன். குழாய்த் தண்ணீர் வந்த இடத்தில் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெரிய சாமியார் அவர்களே, நீங்களும் படிப்பதாகத் தம்பி எழுதியிருக்கிறான். வணக்கம். உங்கள் மாடுகள் நன்றாக இருக்கின்றன. இனி நான் எழுதப்போவது முழுக்க முழுக்க மாட்டு விஷயம்.

எங்கள் வீட்டில் ஒரு செவலைக் கிடாரி உண்டு. பெயர் ரோஸ்-அல்மா, வயது பதினெட்டு, கால் இரண்டுதான். நன்றாகத் தின்னும், காலையில் எழுப்புவதுதான் கஷ்டம். தம்பி மடத்துக்குப் போன அடுத்த வருஷம் பிறந்தது, அதனால் அவன் பார்த்ததில்லை. வருகிற ஜனவரியில் அதை லபெர்ஜ் வீட்டுக் காளைக்குக் கொடுக்கிறோம். காளை கொஞ்சம் மந்தம், ஆனால் முட்டாது. செவலைக்கு அது போதும்.

அம்மாவைப் பற்றியும் இப்படி மாட்டு வேஷம் போட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எனக்குக் கை வரவில்லை. அதனால் அவள் கறந்த பசுவைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் கறுப்புப் பசு அம்மா கைக்குத்தான் பால் விடும். படுக்கையில் விழும் முந்தின வாரம்வரை அம்மாதான் அதைக் கறந்தாள். கறக்கும்போது நெற்றியை அதன் விலாவில் சாய்த்துக்கொண்டு உன் பங்குக்கு ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்வாள். அவள் போன பிறகும் அந்தப் பசு பால் நேரத்தில் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. இது மாட்டு விஷயம்தான். யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

சுட்டியின் முதுகில் முடி வளர்ந்துவிட்டது, ஆனால் வெள்ளையாக. அதட்டினோமா என்று கேட்டாய். அதட்டவில்லை. வேறு என்ன செய்தோம் என்பதை நேரில் தெரிந்துகொள். கல்லறைத் திருநாள் முடிந்து சாலை இறுகியதும் ஓட்டிக்கொண்டு வருகிறோம். ரோஸ்-அல்மா இப்போதே மாடுகளைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். தன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பரபரப்பாக இருக்க மாட்டாள் போலிருக்கிறது.

எமெலின்

*

சேசு மரி சூசை
24 அக்டோபர்

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைத் தோம் கிளெமான் படித்தபோது நான் எதிரில் முழந்தாளிட்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, அங்கியின் ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஓரம் குலுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு மிகக் கண்டிப்பான குரலில், செவலைக் கிடாரி சங்கதியும் மாட்டு விஷயம்தான், தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். கறுப்புப் பசுவைப் பற்றிய இடத்தை மட்டும் வாயால் வாசிக்காமல் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பசுவுக்காக இந்த வாரம் முழுதும் செபித்தேன்.

லபெர்ஜ் வீட்டுக் காளை எந்தக் காளை? பெரிய தலையோடு பள்ளியில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததே, அதன் மகனா?

எல்லாம் தயார். நவம்பர் நாலாம் தேதி கொண்டுவாருங்கள். புதுப் பலகை வாசம் மாடுகளைக் கலைக்காதிருக்க உலர்புல்லைத் தரையெல்லாம் இறைத்திருக்கிறேன். ஆந்தீம் ஒவ்வொரு காடிக்கு மேலேயும் ஒரு புனிதரின் படத்தை ஒட்டிவிட்டார். மாடு நக்கிவிடும் என்று சாடையில் சொன்னேன். நக்கினால் மாட்டுக்குத்தான் புண்ணியம் என்று சாடையில் பதில் சொன்னார்.

வெளிக்கதவைத் தாண்டிப் பெண்கள் வரக் கூடாது என்பது உனக்குத் தெரியும். நீ கதவுவரை வரலாம். நான் உள்ளே தொழுவ வாசலில் நிற்பேன். நடுவில் முற்றமும் பாலாடைக்கட்டி செய்கிற கட்டடமும் இருக்கின்றன. நாம் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஆனால் உன்னைப் பார்த்துவிட்டு வருகிற மாடுகளை நான் பார்ப்பேன். அதை நினைத்தால் எனக்கு நிலைகொள்ளவில்லை.

பாக்கோம்

*

செயிந்த் ஓதீல்
6 நவம்பர்

தம்பி,

என்னைத் திட்டுவதற்கு முன்னால் முழுதும் படி.

நாங்கள் விடியலில் கிளம்பினோம். நான் வண்டியில் முன்னால், மந்தை என் பின்னால், ஃபிலியாஸ் கடைசியில் நடந்து வந்தார். மூன்று பங்கு ஊர்களைத் தாண்டி வந்தோம், மூன்றிலும் ஜனங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒரு ஊரில் பங்குச்சாமியார் தண்ணீர் மந்திரித்துத் தெளித்தார். இன்னொரு ஊரில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்து கூடவே நடந்தார்கள். பாஸ்கா பவனி கெட்டது போ. மாடுகளுக்கும் தலைகால் புரியவில்லை. நானும் தலையில் கட்டிய துணியை அவிழ்த்து ஆட்டிக்கொண்டு வந்தேன்.

கதவில் உங்கள் ஆட்கள் பழுப்பு அங்கியோடு வரிசையாக நின்றார்கள். நான் ஓரமாக ஒதுங்கினேன். ஒரு சகோதரர் இரண்டு தடவை கை தட்டி, வலது கையை உயர்த்தினார். மாடுகள் அவரைப் பார்த்தன. அவர் மறுபடி தட்டினார். சந்தையில் வித்தை காட்டுகிறவனைப் பார்ப்பதுபோல் எல்லாம் அசையாமல் நின்று பார்த்தன. வேறு வழி தெரியாமல் இன்னொருவர் சுட்டிக்குத் தலை வணங்கினார். எப்படியோ தள்ளி முற்றத்தின் பாதிவரை கொண்டுபோனார்கள். அங்கே சுட்டி நின்றது. மூக்கைத் தூக்கி மோந்தது. உடம்பெல்லாம் நடுங்குவது கதவில் நின்ற எனக்கே தெரிந்தது. பிறகு திரும்பி, சகோதரர்களை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு நேரே என்னிடம் வந்து, தலையை என் தோளில் வைத்துக்கொண்டது.

நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியம். நான் போய்விட்டால் அவை உள்ளே போகும் என்று நினைத்து வண்டியைத் திருப்பினேன். எல்லாம் என் பின்னாலேயே வந்துவிட்டன. அதே மூன்று பங்குகள், அதே ஜனங்கள். ஒரு கிழவி வேலிக்கு மேல் எட்டி, "ஏம்மா, சாமியாருங்க மாடு வேணாம்னுட்டாங்களா?" என்று கேட்டாள். ஃபிலியாஸ் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எப்போதும் பேச மாட்டார். அவரைத்தான் உங்கள் மடத்தில் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

எமெலின்

*

சேசு மரி சூசை
9 நவம்பர்

அக்கா,

ஒரு கை நிறைய உலர்புல்லோடு தொழுவ வாசலில் நின்றேன். குளம்புச் சத்தம் வந்தது. கிட்டே வந்தது. பிறகு தூரமாகப் போனது. நான் புல்லோடு நின்றுகொண்டே இருந்தேன். ஆந்தீம் வந்து என் கையிலிருந்து அதை வாங்கி வைத்தார்.

எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை மடத்துத் தலைவர் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். சாடைக்கு நடந்த மாடுகள் அவை. உழைத்து, பொறுமையாக, வருஷக்கணக்கில் பழக்கினோம். நீ ஒரு கோடையில் செல்லம் கொடுத்துக் குட்டிச்சுவராக்கிவிட்டாய். சின்ன வயதில் என் ஆட்டுக்குட்டியையும் இப்படித்தான் செய்தாய், கடைசியில் அது சமையலறையிலேயே தூங்கியது.

இப்போது நிலைமை என்னவென்று கேள். மூத்த தந்தையர் கூடிப் பேசினார்கள். உங்கள் வைக்கோல் இவ்வளவு மாடுகளுக்கும் குளிர்காலம் முழுதும் தாங்காது. உறைபனி விழுந்துவிட்டால் சாலையில் ஓட்டவும் முடியாது. இருபத்தைந்தாம் தேதி கத்தரீனம்மாள் திருநாளுக்குள் மாடுகள் தொழுவத்துக்குள் வராவிட்டால் மந்தையை வியாபாரி ஒருவரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. இறைச்சிக்கா கறவைக்கா என்று அந்த வியாபாரி சொல்லவில்லை. என்னைச் செருப்பு தைக்கிற அறைக்கு மாற்றுவார்கள். அது எனக்குப் பெரிதில்லை என்று எழுதுவதுதான் ஒரு துறவிக்கு அழகு. பெரிதுதான், அக்கா. இந்த மாடுகளைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

நீ அவற்றிடம் பேசுகிறாய் என்று இப்போது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. தோம் கிளெமான் ஒரு வழி சொல்கிறார். மாடுகளை உள்ளே அழைக்கத் தேவையான வார்த்தைகளை மட்டும் நான் வாய்விட்டுச் சொல்லலாம், அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. சுட்டியை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாய்? கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதி அனுப்பு.

பாக்கோம்

*

செயிந்த் ஓதீல்
12 நவம்பர்

தம்பி,

செல்லமாம், குட்டிச்சுவராம். உன் மாடு செல்லத்தால் திரும்பவில்லை. பயத்தால் திரும்பியது. அது மோந்தது புதுப் பலகையை இல்லை, அடியில் இருக்கிற பழைய கரியை. நீ புல்லை இறைத்து மறைத்தால் அதன் மூக்குக்குத் தெரியாதா? நெருப்பிலிருந்து கடைசியாக வந்தது அதுதான் என்று நீயே எழுதினாய்.

இங்கே வந்த புதிதில் அவை எந்தக் கூரைக்கு அடியிலும் நுழையவில்லை. ஏப்ரல் மழை. பனியும் மழையும் கலந்து அடிக்கிறது, இவை திறந்த வெளியில் நின்று நனைகின்றன. நான் கை தட்டினேன், சாடை காட்டினேன், தீவனத்தைக் காட்டினேன். சுட்டி மட்டும் வந்தால் எல்லாம் வந்துவிடும். அது அசைகிறதாயில்லை. மழை அதன் புண்முதுகில் விழுகிறது, அது விறைத்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது, கூடவே ஆத்திரம். எனக்குத் தெரிந்ததிலேயே பிடிவாதமான ஆளின் பெயர் என் வாயில் தானாக வந்துவிட்டது. நான் யோசித்துச் சொல்லவில்லை.

பெரிய சாமியார் அவர்களே, தயவுசெய்து அடுத்த வரியில் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

"ஒனேசிம், போதும்டா, வீட்டுக்கு வாடா" என்று கத்தினேன்.

வந்தது, தம்பி. நேராகக் கொட்டகைக்குள் வந்துவிட்டது. அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். இந்த ஊரில் இப்போது எல்லாருக்கும் தெரியும். பசு மாட்டுக்கு ஏன் ஆம்பிளைப் பெயர் என்று பங்குச்சாமியார் ஒருமுறை கேட்டார். என் தம்பி அதைவிட நல்ல பெயர் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விட்டான், இது சும்மாதானே கிடந்தது என்று சொன்னேன்.

நீ கேட்ட வார்த்தை இதுதான். இனி நீ தொழுவ வாசலில் நின்று உன் பெயரை நீயே கூப்பிட வேண்டும். எனக்குச் சிரிப்பும் வருகிறது, வேறு என்னவோவும் வருகிறது.

எமெலின்

*

சேசு மரி சூசை
16 நவம்பர்

அக்கா,

தோம் கிளெமான் கண்ணை மூடவில்லை. என்னை அழைத்து அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். அந்தப் பெயரைக் கடைசியாகக் கேட்டது நான் அங்கியும் புதுப் பெயரும் வாங்கிய அன்று. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அதைப் பார்த்து அவர் மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். மடத்துத் தலைவர் சிரிப்பதைக் காது கொண்டு கேட்டது எனக்கு இதுதான் முதல் தடவை.

அன்று மாலையே வெறும் தொழுவத்துக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, நீ எழுதியபடி கத்திப் பார்த்தேன். சகோதரர்களாகிய நாங்கள் செபத்தைக்கூட முணுமுணுப்பாகத்தான் சொல்வோம். எனக்குள் இவ்வளவு பெரிய சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. பாதியில் கரகரத்து உடைந்துவிட்டது. இருந்தும் பாலாடைக்கட்டி கட்டடம்வரை கேட்டிருக்கிறது. மறுபடியும் தீ என்று நினைத்து எல்லாரும் வாளிகளோடு ஓடி வந்தார்கள். கதவைத் திறந்தால் நான் தனியாக நிற்கிறேன். என்ன சாடை காட்டுவது சொல்? மாடு என்பதற்கும் நான் என்பதற்கும் சாடை உண்டு. இரண்டையும் சேர்த்துக் காட்டினேன். இன்றுவரை என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தக் குரலுக்குச் சுட்டி வராது. அதற்குத் தெரிந்தது வார்த்தை இல்லை, உன் தொண்டை. நீ கதவில் நின்றதும் தப்பு. குரல் இருக்கிற இடத்துக்குத்தான் மாடு வரும். நீ தொழுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

வழி இருக்கிறது. வடக்குச் சுவரில் ஆந்தீம் எரு தள்ளுவதற்கு ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார். அந்தச் சுவர்தான் மடத்தின் எல்லை. அதற்கு வெளியே பக்கத்துக் குடியானவரின் உருளைக்கிழங்கு நிலம், யாரும் வரலாம். நீ அங்கே நின்று ஜன்னலுக்குள் குரல் கொடுத்தால் எந்த எல்லையையும் தாண்டியதாகாது. மூத்த தந்தையர் இதைப் பற்றி ஒரு காலை முழுதும் விவாதித்தார்கள். பெண்கள் உள்ளே கால் வைக்கக் கூடாது என்றுதான் விதி சொல்கிறது, குரலுக்குக் கால் இல்லை என்று தோம் கிளெமான் முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்துவிடு. ஆற்றோரம் பனி கட்டத் தொடங்கிவிட்டது, இதை விட்டால் வேறு நாள் கிடைக்காது. நீ நிற்கப்போவது எருக்குழியின் மேல். கவலைப்படாதே, மாடே இல்லாத மடத்தில் எரு ஏது, சுத்தமாகத்தான் இருக்கிறது. பலகை போட்டு வைக்கிறேன். உள்ளே வேறு யாரும் வேண்டாம், மாடு மிரளும். நான் மட்டும் இருப்பேன்.

பாக்கோம்

*

செயிந்த் ஓதீல்
21 நவம்பர்

தம்பி,

எனக்குத் தொண்டை போய்விட்டது. ரோஸ்-அல்மாவிடம் நானும் கைச்சாடையில்தான் பேசுகிறேன். ஆனால் கை எழுதும்.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், நீ அங்கேதான் இருந்தாய். ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்பது உனக்குத் தெரியாது. ஃபிலியாஸ் மந்தையைக் கதவில் நிறுத்திக்கொண்டார். நான் வண்டியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு பின்பக்கம் வந்தேன். பனி கொட்டத் தொடங்கிவிட்டது. உன் பலகையில் ஏறி ஜன்னலுக்குள் தலையை விட்டால் உள்ளே ஒரே இருட்டு, மரவாசம். எட்டி எட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கதவில் மணி அடித்தது, நான் கூப்பிட வேண்டும் என்பதற்கு அடையாளம். கூப்பிட்டேன்.

"ஒனேசிம், போதும்டா, வீட்டுக்கு வாடா."

ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். அப்போது வரிசையின் கோடியில் யாரோ அசைந்தார்கள். மாடு இல்லை. பழுப்பு அங்கி போட்ட ஒரு மனிதன், தாடி நரைத்து, ஒரு கன்னத்தில் தீ சுட்ட தழும்போடு, இரண்டு வரிசைக்கும் நடுவே நடந்து வருகிறான். யாரோ கிழவர் என்றுதான் முதலில் நினைத்தேன். காதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது நம் அப்பாவின் காது. ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் நீ நின்றாய். என்னைப் பார்த்தாய். மாட்டைக் கூப்பிட வந்தவள் கூப்பிடாமல் நிற்கிறேன், வெளியே எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

நீதான் பேசினாய்.

"வந்துட்டேன்க்கா."

அதற்குப் பிறகு எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. அழுதுகொண்டே கத்தினேன். அப்போதுதான் சுட்டி வாசலுக்கு வந்தது. முன்காலை உள்ளே வைத்துவிட்டு மறுபடி நடுங்கியது. நீ ஓடிப் போய் அந்த வெள்ளை முடி முளைத்த இடத்தில் கையை வைத்தாய். நான் விடாமல் கூப்பிட்டேன், நீ விடாமல் தடவினாய். அது ஒரு பெருமூச்சு விட்டது பார், ஜன்னல்வரை சூடு வந்தது. பிறகு நடந்தது. உன்னை இடித்துத் தள்ளிவிட்டு நேராக என் முகத்துக்கு முன்னால் வந்து நின்று ஜன்னலை அடைத்துக்கொண்டது. அதன் பின்னால் மற்றவை தடதடவென்று வந்தன. அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை, சுட்டியின் மூக்கைத்தான் பார்த்தேன். காதால்தான் கேட்டேன். நீ சங்கிலி மாட்டும் சத்தம், ஒவ்வொன்றாக.

எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகும் நான் உன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேனாம். ஃபிலியாஸ் வந்து கையைப் பிடித்து இறக்கினார். வழியில் அந்த வேலிக் கிழவி மறுபடி கேட்டாள். எல்லாரும் வீட்டுக்குள் போயாச்சு என்று சொன்னேன்.

மாடுகள் உள்ளே போய்விட்டன. அப்படியென்றால் இதுதான் கடைசிக் கடிதமா, தம்பி?

எமெலின்

*

சேசு மரி சூசை
24 நவம்பர்

அன்புள்ள அக்கா,

தொழுவம் நிறைந்திருக்கிறது. நான் உள்ளே போகும்போது எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. புனிதர் படங்களில் பாதியை ஏற்கனவே நக்கியாகிவிட்டது, ஆந்தீமுக்கு ஆனந்தம். குளிர் இனி எப்படி வேண்டுமானாலும் வரட்டும். வியாபாரிக்கு வேண்டாம் என்று ஆள் போயிருக்கிறது. நான் செருப்பு தைக்கப் போகவில்லை. எனக்கு நடக்கும்போது கால் தரையில் படவில்லை.

ஆனால் ஒன்று என் நெஞ்சை உறுத்தியது. மாட்டை அழைக்கத் தேவையானதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது என்பது உத்தரவு. குற்ற அறிக்கை நாளில் எல்லார் முன்னாலும் முழந்தாளிட்டு, அனுமதியை மீறிப் பேசினேன் என்றேன். என்ன பேசினாய் என்று தோம் கிளெமான் கேட்டார். சொன்னேன். அவர், "மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. மாடு பதில் பேசாது. அதுக்குப் பதிலா யாராவது சொல்லணும்ல?" என்றார். தண்டனை இல்லை. நான் எழுந்து என் இடத்துக்குப் போனேன். பக்கத்தில் நின்ற சகோதரர் யாருக்கும் தெரியாமல் என் அங்கியின் கையைப் பிடித்து அழுத்தினார்.

கடிதம் எழுதும் அனுமதி முடிந்தது என்று சொல்லத்தான் அவர் அடுத்த நாள் என்னை அழைத்தார். நானும் அதற்குத் தயாராகத்தான் போனேன், தயார் என்று சொல்லிக்கொண்டேன். எல்லா மாடும் உள்ளே வந்துவிட்டதா என்று கேட்டார், வெறும் முறைக்காக. நான் பொய் சொல்ல முடியாது. ஒன்று வரவில்லை. ஓரத்தில் ஒரு காடி காலியாக இருக்கிறது, அந்தப் புனிதர் படம் இன்னும் புதிதாகவே இருக்கிறது. வெள்ளைக்கால் கிடாரியைக் காணோம். அன்றைய ஆர்ப்பாட்டத்தில் நான் கவனிக்கவில்லை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கடைசி மாடு வர்ற வரைக்கும்னு நான்தானே சொன்னேன்" என்றார். அந்தக் கிடாரி எங்கே என்று உன்னிடம் எழுதிக் கேட்கச் சொன்னார்.

எங்கே அக்கா?

பாக்கோம்

*

செயிந்த் ஓதீல்
27 நவம்பர்

தம்பி,

வெள்ளைக்கால் கிடாரி இங்கேதான் இருக்கிறது. அதற்குக் காலில் வலி. அவ்வளவு தூரம் நடக்காது என்று நான்தான் வெள்ளிக்கிழமை காலையில் அதைப் பிரித்துக் கட்டிவிட்டு வந்தேன். இதை ஃபிலியாஸிடமும் விளக்கிச் சொன்னேன். அவர் முற்றத்தைப் பார்த்தார். கிடாரி அங்கே வாலைத் தூக்கிக்கொண்டு, ரோஸ்-அல்மா காயப்போட்ட துணியைக் கொம்பில் மாட்டிக்கொண்டு, வேலியைச் சுற்றி நாலுகால் பாய்ச்சலில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போய், கத்தரீனம்மாள் திருநாளுக்கு வீட்டில் இழுத்துச் செய்த பாகு மிட்டாயில் ஒரு பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, இதையும் கடிதத்தோடு அனுப்பு என்பதுபோல் மேசையில் வைத்தார். மிட்டாய் மாடுகளுக்கு. அவை தின்னாவிட்டால் நீங்கள் வீணாக்க வேண்டாம்.

பெரிய சாமியார் அவர்களே, நான் சொல்வது உண்மை. வலி சில நேரம் வலது காலில் இருக்கிறது, சில நேரம் இடது காலில் இருக்கிறது. மே மாதத்துக்கு முன்னால் அதை நடக்கவிடவே முடியாது. அதுவரை தம்பிதான் இது எப்படி இருக்கிறது என்று விடாமல் எழுதிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

எமெலின்